குல்லாய்ப் பின்னலும் கைக்கு இசைந்த முறையும்

வெயிலுக்குப் பேர்பெற்ற விருதுநகர்ச் சீமையிலிருந்து கொண்டு குளிர்க் குல்லாயைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவோரைக் கண்டு நண்பர்கள் நகைப்பரேல் அதில் வியப்பொன்றுமில்லை. கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும் சித்திரை வைகாசியில் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே பேருந்தில் சென்றவர் எவரும் தலைக்கு ஓர் ஈரத் துண்டை விரும்புவரேயன்றிக் கம்பளிக் குல்லாயை விரும்பார். மார்கழித் திங்களிலும் ஈண்டு விடியற்காலத்து வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். கொடைக்கானலில் வாழ்வோர் அதனைக் குளிரென்றே கொள்ளார்.

ஆயினும் நம் சீமையில் குல்லாய் அணியும் தலைகள் இல்லாமலில்லை. மார்கழி வைகறையில் மங்கிக் குல்லாயைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டு தேநீர்க் கடை நோக்கி நடக்கும் பெரியவர்களை விருதுநகர்த் தெருக்களில் எவரும் காணலாம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது இளைஞர் வழக்கம். முதுமையில் குருதியோட்டம் தளர்ந்து சிறு குளிரும் பெருங்குளிராகத் தோன்றும் என்பதை அவர்கள் நாற்பதாண்டு கழித்து அறிந்துகொள்வர். படையிற் சேர்ந்து இமயத்தின் பனிமலைகளிற் காவல் புரியும் நம் மாவட்டத்து மைந்தரும் உளர். அரசு அவர்கட்குக் குளிருடை அளிக்கின்றதெனினும், தமக்கை பின்னியனுப்பிய குல்லாயைப் பெட்டியில் வைத்திருப்பதில் அவர்கட்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இவர்களைக் காட்டிலும் குல்லாய் மெய்யாகவே வேண்டப்படும் தலை ஒன்றுண்டு. அது பிறந்த குழவியின் தலை. உடலின் வெப்பத்திற் பாதி தலை வழியே போய்விடும் என்று பலர் கூறக் கேட்கின்றோம். வளர்ந்தோர் திறத்தில் அது பிழை. தலையானது உடற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காதலின், வெளியேறும் வெப்பமும் அவ்வளவினதே. பச்சிளங் குழவிக்கோ தலை உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்களவு ஆகின்றது. 37 பாகை வெப்பமுள்ள கருப்பையினின்று நீர் சொட்டச் சொட்ட வெளிவரும் குழவிக்கு 28 பாகை உள்ள அறையும் குளிரறையே. குழவியின் உடல் வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே இறங்குதல் ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குறைமாதத்திற் பிறந்து எடை குன்றிய குழவிகட்கு இவ்விடர் பன்மடங்கு பெரிது. 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டுப் பொகோடா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், வெப்பப் பெட்டிகள் போதாமையால், அத்தகைய குழவிகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துக் கட்டி வளர்க்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் அது இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. அம்முறையிற் குழவிக்கு உடை பெரும்பாலும் மூன்றே: இடையிற் கட்டும் துணி, காலுறை, தலைக்கு ஒரு குல்லாய்.

இதனாற் குழந்தைக்கு எப்போதும் குல்லாய் மாட்டி வைத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. அக்கினி நட்சத்திரத்தில் மூன்று மாதக் குழந்தையைக் காது மறையக் கம்பளியிற் பொதிந்து பேருந்திற் கொண்டு செல்லும் அன்னையரை நாம் காண்கின்றோம். அது அன்பினாற் செய்யும் தீங்கு. நிறைமாதத்திற் பிறந்து நலமாயுள்ள குழந்தைக்கு முதற் சில மணி நேரம் கழிந்தபின், வீட்டினுள் உறங்கும்போது தலைமூடல் வேண்டாம் என்றே மருத்துவர் பலர் கூறுகின்றனர். உடல் மிகைச்சூடு அடைதலும் ஆபத்தே.

குல்லாய் யாருக்கு என்பது இவ்வாறாக, அதனை எந்நூலாற் பின்னுவது என்னும் வினா எழுகின்றது. நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கூறி விற்கப்படும் நூற்கண்டுகளிற் பெரும்பாலானவை ஆட்டு மயிரால் ஆயவை அல்ல. அவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆயவை. கல்லெண்ணெயிலிருந்து பெறும் பொருள்களைக் கொண்டு ஆலைகளில் உண்டாக்கப்படுபவை. விலை மலிவு, நிறம் பளபளப்பு, துவைத்தல் எளிது. பிற ஊர்களில் இவற்றை வாங்குவோர் இவ்வளவு பார்த்து வாங்கலாம். வெடியும் மத்தாப்பும் தொழிலாகவுள்ள நம் ஊரில் மற்றுமொன்றையும் பார்த்தல் வேண்டும். ஆட்டுக் கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பருத்தி பற்றும், ஆனால் உருகாது. அக்ரிலிக்கோ பற்றவும் செய்யும், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஐப்பசி மழைக் குளிருக்கென்று தலையில் மாட்டிய பளபளப்பான குல்லாயோடு கம்பி மத்தாப்புப் பிடித்து நிற்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள்.

பட்டாசுத் தொழிற்சாலைகளிற் பணி புரிவோர் செயற்கை இழை ஆடையை நீக்கிப் பருத்தியாடை உடுத்தல் வேண்டும் என்னும் விதி இருப்பதை நம் மாணாக்கரிற் பலர் தம் இல்லத்திலேயே அறிவர். செயற்கை இழை உராய்வினால் மின்னூட்டம் பெறும். அதன் சிறு பொறியொன்று மருந்து அறையைச் சிதைக்கப் போதும். அவ்வறைக்குள் பருத்தியன்றி வேறு புகலாகாது என்று நன்கறிந்த தாய், வீடு திரும்பித் தன் மகவின் தலையில் அக்ரிலிக் குல்லாயை வைப்பது, அதன் தன்மையை எவரும் அவளுக்கு எடுத்துக் கூறாமையினாலேயே. கூறுவது கற்றவர் கடன். நூலை ஆராயும் வகையும் எளிது. ஒரு சாண் நூலை வெட்டி இடுக்கியாற் பிடித்து, அருகில் எரியக்கூடிய பொருள் யாதுமின்றி, விளக்கிற் காட்டுக. மயிர் கருகும் நாற்றமெழுந்து, எஞ்சிய கரி விரலில் நொறுங்குமாயின் கம்பளி. காகிதம் எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலாகுமாயின் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணிபோல் இறுகுமாயின் அக்ரிலிக்.

ஆதலின் நம் சீமையிற் குழவிகட்குப் பின்னும் குல்லாய் பருத்தி நூலால் ஆயதாக இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. பருத்தி நமக்குப் புதிதன்று. கரிசலில் விளைவது; இராசபாளையத்தில் 1936ஆம் ஆண்டிலிருந்தே ஆலையில் நூற்கப்படுவது; சத்திரப்பட்டியில் மருத்துவமனைகட்குரிய கட்டுத்துணியாக நெய்யப்படுவது. உள்ளூர் ஆலை நூலை நாலைந்து இழை சேர்த்து முறுக்கினால் குல்லாய்க்குரிய தடிப்பு வந்துவிடும். கொதிநீரில் இட்டுக் கழுவினாலும் கெடாது.

ஆனாற் பருத்தியில் ஒரு குறையுண்டு. கம்பளி நூல் இழுத்தால் நீண்டு விட்டாற் சுருங்கும். பின்னுவோர் கையின் இறுக்கத்தை அது தானே ஏற்றுக்கொள்ளும். பருத்தி நூல் அவ்வாறு நெகிழ்ந்து கொடாது. ஒவ்வொரு கண்ணியையும் ஊசியிலிருந்து இழுக்கும் முயற்சி முழுவதும் மணிக்கட்டின்மேலும் கட்டைவிரலின் அடியிலும் வந்து சாரும். குழவிக்குரிய சிறு குல்லாயிலேயே கண்ணிகள் 2,000க்கு மேற்படும். வளர்ந்தோர் குல்லாய்க்கு 5,000ஐ ஒட்டும். ஒவ்வாத முறையில் ஒரே அசைவை ஐயாயிரம் முறை செய்த கை நோவாமல் என் செய்யும்? பின்னும் முறையைப் பற்றிய கேள்வி இவ்விடத்திற்றான் மெய்யாக எழுகின்றது. அதுவே இக்கட்டுரைக்கும் உயிர்.

பின்னல் கற்பிக்கும் வகுப்புக்களிற் பெரும்பாலும் நடப்பது யாது? ஆசிரியை ஊசிகளைப் பிடித்துக் காட்டுகின்றார். நூலை வலக்கை விரலிற் சுற்றி, வலக்கையாலேயே ஊசிமேல் எறிந்து, கண்ணியை எடுக்கின்றார். மாணவியர் அவ்வாறே செய்தல் வேண்டும். நூலை இடக்கையிற் பிடித்தவளின் விரலை விலக்கி, 'அது பிழை' என்று திருத்துகின்றார். துணியைப் பார்த்துப் பிழை கூறுவதில்லை. கையைப் பார்த்தே பிழை கூறப்படுகின்றது. இப்பழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே என் வழக்கு.

வலக்கையால் நூலெறியும் முறை நம்மிடையே இலக்கணமாக நிலைத்ததற்குக் காரணம் எளிதில் ஊகிக்கத்தக்கது. தென்பாண்டி நாட்டுப் பள்ளிகட்கு ஊசி வேலையைக் கொணர்ந்தோர் பெரும்பாலும் ஆங்கில நாட்டு மாதர். நாகர்கோயிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பெண்கட்குச் சரிகைப் பின்னலைக் கற்பித்தார். அவர் மகளார் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கும் அக்கலையைப் பரப்பினார். அவர்கள் தந்த கல்வியை நன்றியோடு போற்றுகின்றோம். ஆயினும் ஆங்கில மாதரின் கை வழக்கத்தையே கைத்தொழிலின் சட்டமென்று மயங்குதல் கூடாது.

பிற நாட்டார் எவ்வாறு பின்னுகின்றனர் என்று பார்ப்போம். இரண்டு ஊசிகளாற் பின்னிய மிகப் பழைய துண்டுகள் எகிப்து நாட்டிற் கிடைத்துள்ளன. அங்கிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் இக்கலை ஐரோப்பாவிற்குச் சென்றது என்பர் அறிஞர். இங்கிலாந்திற் குல்லாய்த் தொழில் பெருகி, 1571ஆம் ஆண்டு, ஆறு வயதிற்கு மேற்பட்டோர் சிலர் நீங்கலாக யாவரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் உள்நாட்டிற் பின்னிய கம்பளிக் குல்லாய் அணிதல் வேண்டும் என்று சட்டமே இயற்றப்பட்டது. குல்லாய் பின்னுவோர் பிழைப்பைக் காக்க எழுந்த அச்சட்டம் 1597இல் நீக்கப்பட்டது. சட்டத்தினாற் குல்லாயைத் தலையில் ஏற்றலாம், நெடுநாள் நிறுத்த முடியாது போலும். நம் மங்கிக் குல்லாயின் ஆங்கிலப் பெயர், 1854இல் கிரிமியப் போரில் நிகழ்ந்த பாலக்லாவாச் சண்டையின் பெயரினின்று வந்தது. அக்குளிரில் வருந்திய வீரர்கட்கு இங்கிலாந்தின் இல்லங்களிலிருந்து கம்பளிக் குல்லாய்கள் பின்னி அனுப்பப்பட்டன.

ஜெர்மனி முதலிய ஐரோப்பிய உள்நாடுகளில் நூல் இடக்கையின் சுட்டுவிரலில் நிற்கும். வலக்கை ஊசி அதனைக் கொத்தி எடுக்கும். அசைவு மிகச் சிறிது. வலக்கை ஊசியை விட்டு அகலுவதே இல்லை. இடையறாது பின்னுவோர்க்கு இது விரைவானது. ஜெர்மானியர் முறையென்ற காரணத்தினாலேயே உலகப் போர்க் காலங்களில் ஆங்கிலேயர் இதனை வெறுத்தனர் என்றும் கூறுவர். இங்கிலாந்தில் 1910ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன் என்னும் அம்மையார் இம்முறையை அந்நாட்டில் மீண்டும் பரப்பினார். 1971இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'கண்ணீரின்றிப் பின்னல்' என்று பொருள்படுவது. பின்னல் வகுப்பில் அழுத அனுபவம் அமெரிக்கர்க்கும் உண்டு என்று இதனால் அறிகின்றோம்.

போர்ச்சுகல் நாட்டார் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொணர்ந்தோ, மார்பிற் குத்திய கொக்கி வழியே விட்டோ, இடக்கைக் கட்டைவிரலாற் சிறிதளவு தள்ளிப் பின்னுகின்றனர். நூலின் இறுக்கத்தைக் காப்பது கழுத்தே; விரல்கட்கு அச்சுமை இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களிடையேயும் இவ்வழக்கம் உண்டு. பெரு நாட்டில் தித்திகாகா ஏரியிலுள்ள தக்கீலே என்னும் தீவில் குல்லாய் பின்னுவோர் ஆடவர். சிறு பிராயத்திலேயே ஆண்மக்கள் அதனைக் கற்கின்றனர். மணமானவனா ஆகாதவனா என்பதை அவன் தலைக் குல்லாயே அறிவிக்கும். அத்தீவின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. பின்னல் பெண்களின் வேலை என்று மூக்கைச் சுளிக்கும் நம் ஆண் மாணாக்கர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

பிரிட்டனின் வடபகுதியிலும் ஷெட்லாந்துத் தீவுகளிலும் வேறொரு வழி. இடுப்பிற் கட்டிய தோற்பட்டையிலோ மரக் குழலிலோ வலப்புறத்து ஊசியின் முனையைச் செருகிவிடுவர். ஊசியின் பாரத்தை இடுப்புத் தாங்கும். கை விடுபட்டு நூலை மட்டும் செலுத்தும். நடந்துகொண்டே பின்னிப் பிழைத்தவர் அவர். இந்நால்வர் பின்னிய துணிகளையும் கழுவி விரித்து ஒருங்கே வைத்து, இது இன்னார் கைப்பட்டது என்று கூறச் சொன்னால், கற்பிக்கும் ஆசிரியையும் தடுமாறுவார். கண்ணியின் வடிவம் ஒன்றே. வந்த வழியே வேறு.

இனி நம் ஊர்க் கைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1923ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்று வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய நாள் முதல் இப்பகுதி மக்கள் விரல்களாலேயே வாழ்ந்து வருகின்றனர். குச்சி அடுக்கிய விரல்கள், பெட்டி ஒட்டிய விரல்கள், குண்டு வெடிக்குச் சணல் சுற்றிய விரல்கள், சரவெடி பின்னிய விரல்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. 'பின்னல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிவகாசிப் பெண்ணுக்கு நினைவு வருவது ஸ்வெட்டரன்று, சரவெடியே. சிறு வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாக நூலில் இணைத்து, ஒன்றும் நழுவாமலும் ஒன்றும் நசுங்காமலும் ஒரே இறுக்கத்தில் ஆயிரக்கணக்கிற் பின்னுதல் எளிய திறமன்று. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைத்துக் கட்டிய வெடிகளைத் தடை செய்தது. காற்றையும் செவியையும் குப்பையையும் கருதிப் பிறந்த தீர்ப்பு அது. அதன் நன்மை தீமையை ஈண்டு ஆராயப் புகவில்லை. வேலை போயிற்று, விரல்களின் நினைவு போகவில்லை என்பதொன்றே நமக்கு வேண்டுவது.

அத்தகைய அன்னையின் மகள், தானும் விடுமுறைகளில் உடனிருந்து கண்டும் கற்றும் வளர்ந்தவள், கல்லூரிக்கு வந்து பின்னல் வகுப்பில் அமர்கின்றாள். நூலை எவ்விரலில் நிறுத்தினால் எவ்வளவு இறுக்கம் வரும் என்பது அவளுக்குப் பிறர் கற்பிக்க வேண்டிய செய்தியன்று. சணல் சுற்றிய பழக்கத்தால் அவள் இடக்கையில் நூலைத் தாங்கி வலக்கையால் வேலையைச் செய்யப் போவாளாயின், அதுவே ஐரோப்பியரின் இடக்கை முறைக்கு வாயில். அவ்வாயிலை அடைத்து, முன்னொருபோதும் செய்யாத எறிதலை முதல் நாளே வற்புறுத்தினால் விளைவது யாது? நூல் இறுகும், ஊசி நகராது, மணிக்கட்டு நோகும், 'எனக்கு இது வராது' என்று அவள் எழுந்து போவாள். கையறிவு இல்லாதவளைக் கற்பிக்க இயலாமல் விட்டிருந்தால் பெருங் குறையன்று. கையறிவு நிரம்பியவளை இல்லாதவளென்று அவளே நம்பும்படி செய்துவிடுதல் கொடிது. தன் வீட்டிலிருந்து கொணர்ந்த ஒன்று கல்லூரியிற் செல்லாக் காசு என்று ஒரு பெண் எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணம் பின்னலோடு நில்லாது.

இடக்கையாளர் படும் பாடு தனி. சோறுண்ணும் கை, பிற கை என்று கைகட்கும் சாதி வகுத்த நாடு நம் நாடு. எழுதுகோலை இடக்கையிற் பிடித்த குழந்தையை அடித்து மாற்றிய காலம் பெரிதும் மறைந்தது. ஊசியை மாற்றிப் பிடிப்போரைக் கண்டால் முகம் சுளிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பின்னலில் இரு கையும் உழைக்கின்றன. இடக்கையாளரிற் பலர், நூலை இடக்கையிற் கொள்ளும் முறையைக் காட்டியவுடன், யாதொரு மாற்றமும் வேண்டாமல் எளிதிற் பின்னுகின்றனர். அதுவும் ஒவ்வாதவர் கண்ணாடியிற் காணுமாறுபோல் அனைத்தையும் வலமிடமாக மாற்றிச் செய்யலாம். கண்ணி குறைக்கும் இடங்களில் சாய்வு மறுபுறம் போகும் என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

ஈண்டு ஒரு தடை எழும். பின்னலைக் கற்பித்து, வேலையிழந்த மாதர்க்குப் பிழைப்புக்கு வழி செய்யலாமே. அதற்கு விரைவு முக்கியமன்றோ. விரைவான ஒரே முறையை யாவர்க்கும் கற்பித்தல் நன்றன்றோ என்பர். சுயதொழில் என்னும் சொல்லில் மயங்கியோர் இவ்வாறு கூறுவது வழக்கம். கைப்பின்னற் குல்லாய் எவர்க்கும் பிழைப்பாகாது. லூதியானா ஆலைகளின் இயந்திரங்கள் சில நிமிடங்களிற் பின்னித் தள்ளும் குல்லாய்கள், பனிக்காலந்தோறும் தமிழ்நாட்டுப் பெருநகரங்களிற் கடை விரிக்கும் திபெத்தியரிடமும் பிறரிடமும் மலிந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு மாலை முழுவதும் உழைத்துப் பின்னும் கைகள் அவ்விலையோடு போட்டியிடுதல் இயலாது. நாகர்கோயிற் சரிகையின் நிலை வேறு. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அதன் வருவாயால் தம் விடுதலையைப் பெற்றனர் என்று அக்காலத்து மிஷன் வரலாறுகள் கூறும். அதற்குக் கடல் கடந்த நாடுகளில் விலை இருந்தது. பருத்திக் குல்லாய்க்கு அத்தகைய விலை இல்லை. உண்டென்று ஏழை மாதரை நம்பச் செய்வது அறமன்று.

பிழைப்பன்று என்று தெளிந்தபின் விரைவுக்கும் அடிமையாக வேண்டுவதில்லை. ஓய்ந்த நேரத்திற் பிறர்க்கென்று செய்யும் வேலைக்கு முதல் இலக்கணம் செய்வோர்க்கு நோவின்மையே. ஒரு முறையிற் பின்னும்போது தோள் உயர்கின்றதா, கட்டைவிரல் மரத்துப் போகின்றதா, மூச்சை அடக்கிக்கொண்டு பின்னுகின்றோமா என்று பார்த்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று காணினும் அம்முறை அக்கைக்கு உரியதன்று. ஊசியை மாற்றுதலும் நன்று. வழுக்கும் இரும்பூசியை இறுகப் பிடித்து வருந்துவோர் மூங்கிலூசியாற் பின்னினால், கண்ணி நழுவும் அச்சமின்றிப் பிடியைத் தளர்த்துவர். நீண்ட இரண்டு ஊசிகளின் முனைகளில் துணியின் பாரம் தொங்குவது மணிக்கட்டிற்குக் கேடு. மெல்லிய வடத்தால் இணைத்த இரட்டை ஊசியில் அப்பாரம் மடியில் கிடக்கும். குல்லாயையும் தையலின்றி வட்டமாகவே பின்னிவிடலாம். அரைமணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குதல் எம்முறையினர்க்கும் வேண்டும்.

அவரவர் விரும்பியவாறு பின்னினால் அளவு குலையும் என்று அஞ்சுவோர்க்கு விடை உண்டு. கையின் இறுக்கம் ஒருவர்க்கொருவர் வேறுபடுவது மெய். ஒரே முறையிற் பயின்ற இருவரிடையேயும் அது வேறுபடும். அதற்கென்றே மாதிரித் துண்டு உளது. நான்கு அங்குலச் சதுரம் பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுக. பிறந்த குழவியின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 14 அங்குலம். குல்லாய் சற்றே இறுகி நிற்பதற்கு 12 அங்குலம் போதும். அங்குலத்திற்கு 5 கண்ணி வருவோர் 60 கண்ணி இடுக; 6 வருவோர் 72 இடுக. இவ்வொரு கணக்கில் மட்டும் ஆசிரியை கண்டிப்பாக இருக்கட்டும். விரல்களைத் தம் போக்கில் விடட்டும்.

நம் கல்லூரியில் வரும் ஆண்டு பின்னல் வகுப்பு நடைபெறுமாயின் முதல் இரண்டு வாரத்தை முறை தேர்வதற்கென்றே ஒதுக்குதல் வேண்டும். வலக்கை முறை, இடக்கை முறை, கழுத்து முறை மூன்றையும் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பின்னச் செய்து, பின்னர் அவரவர் தேர்ந்ததில் நிற்கட்டும். ஆண் மாணாக்கரும் சேரலாம். பருத்தி நூல் இராசபாளையத்திலிருந்து வரட்டும். விளிம்பிற்கு ஓர் அங்குலம் நேர்க்கண்ணியும் மறுகண்ணியும் இவ்விரண்டாக மாற்றிப் பின்னினால், பருத்தியாயினும் ஓரளவு நெகிழ்ந்து தலையைப் பற்றும்; கண்ணி இடுதல் மட்டும் தளர்வாக இருத்தல் வேண்டும். அதன்மேல் நான்கு அங்குலம் வெறும் நேர்க்கண்ணி. உச்சியில் அறு கூறாகப் பிரித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூறுக்கொரு கண்ணி குறைத்து, எஞ்சிய கண்ணிகளின் ஊடே நூலை ஓட்டி இழுத்து முடிக்க. பந்து போன்ற குஞ்சம் வேண்டாம். கழுத்திற் கட்டும் நாடாவும் வேண்டாம், அது குழவியின் கழுத்தைச் சுற்றக்கூடும்.

2022ஆம் ஆண்டு முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. பின்னத் தொடங்குமுன் அத்தகைய மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுச் செவிலியரைக் கண்டு, எவ்வளவு எடையுள்ள குழவிகட்கு, எத்தனை குல்லாய், எவ்வளவு சுற்றளவில் வேண்டும் என்று கேட்டு எழுதி வருவது முதல் வேலை.